சிவப்புச் சட்டை போட்ட ரேம் காட்

எத்தாளை ஊர்க் கருவாட்டு யாவாரி மஹ்ரூப் எதை வாங்க வந்திருக்கிறார் என்பது எந்தக் கடைக்காரனுக்கும் கடைசிவரை தெரியவராது. குடை வாங்கப் போனால் முதலில் செருப்பைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு பாயைத் தட்டிப் பார்ப்பார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. படியிறங்கும்போதுதான், மறந்துபோன ஆளைப்போலத் திரும்பி, அந்த மூலையில் தூசு பிடித்துக் கிடக்கிற குடையும் விற்கிறதுக்குத்தானா என்று கேட்பார். தேவை முகத்தில் தெரிந்தால் விலை ஏறும் என்பது அவருடைய வாப்பா விட்டுப்போன சொத்துகளில் ஒன்று. மற்றது ஒரு தராசு. தராசு எப்போதோ துருப்பிடித்துவிட்டது. இந்தப் புத்தி மட்டும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது.

ஆகவே, தில்லையடியில் இருக்கிற ஹில்மியின் கம்பியூட்டர் கடையில், மடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய பெட்டியை த்ரீவீலிலிருந்து இறக்கியபோது, அது தன் மனைவி பரீனாவுக்காக என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பிரிண்டரின் விலையைக் கேட்டார். சுவரில் தொங்கிய வயர்களை விரலால் உருட்டினார். பிறகுதான் பெட்டியைக் காலால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, மருமகன் ஒருவனுடையது, கேம் விளையாடுகிறவன், இழுவையாக இருக்குதாம் என்றார். தனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சொந்தமும் இல்லை என்கிற மாதிரி முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹில்மியும் லேசுப்பட்டவன் இல்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து மாற்றுடுப்புக்கூட இல்லாமல் வந்து சேர்ந்த குடும்பம் அவனுடையது. அவன் பிறந்ததே தில்லையடியில் ஓர் ஓலைக் கொட்டிலில்தான். கொட்டிலிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட கடைவரைக்கும் வந்தவன் பேரம் தெரியாமலா வந்திருப்பான். பிரிண்டரின் விலையைக் கேட்டபோதே ஆளைப் பிடித்துவிட்டான். ஆனால் பெட்டி யாருக்கு என்பதைத்தான் பிடிக்கவில்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரே ஒரு ரேம் காட்தான் இருக்கிறது என்றான். ரேம் காட் என்றால் என்னவென்று மஹ்ரூப் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதென்று தெரிந்துவிடும். ஹில்மி தானாகவே சொன்னான்: கடைக்கு முன்பலகை எப்படியோ கம்பியூட்டருக்கு இது அப்படி. வேலை நடக்கிற சாமானையெல்லாம் இதன்மேல்தான் விரித்து வைக்கிறது. இந்தப் பலகை சின்னது. பக்கத்தில் இன்னொன்று போட்டால் இழுவை போகும். கேம் விளையாடுகிறவன் என்றபடியால் அலுமாரித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். சிவப்புத் தகட்டில் சட்டை போட்ட மாதிரி, பார்க்கவே மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. பழைய காலத்து ரகம், இப்போது வருவதில்லை, ஆனால் அந்தக் காலத்தில் அதுதான் வேகக்காரன் என்றான். அது வாங்க ஆளில்லாமல் அந்தத் தட்டில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதை அவன் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே சொல்லாமல் விடுவதற்குச் சாமான் இருந்தது.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து தொடங்கிய பேரம் பின்னேர அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை நடந்தது. விலை படிந்த பிறகும் மஹ்ரூப்புக்கு ஒரு கொசுறு இல்லாமல் மனம் ஆறவில்லை. இந்தச் சட்டையில் எழுதியிருக்கிற வேகம் கம்பியூட்டரிலும் காட்ட வேணும், காசு கொடுத்த வேகம் கண்ணுக்குத் தெரிய வேணும் என்றார். ஹில்மி கொஞ்சம் தலையைச் சொறிந்தான். பிறகு உள்ளே, வின்டோஸ் வருவதற்கு முந்தி வருகிற கறுத்தத் திரைக்குள் போய், எதையோ கூட்டி எதையோ மாற்றி, வேகத்தைக் காட்டினான். கம்பியூட்டர் பறந்தது. இரண்டு பேரும் சந்தோசமாகக் கைகொடுத்தார்கள். யாவாரத்தில் இரண்டு பக்கமும் ஒரேயளவு சந்தோசப்பட்டால் எங்கேயோ பிழை என்று அர்த்தம். அன்றைக்கு அது இருவருக்கும் தோன்றவில்லை.

பரீனாவுக்குப் பாரிசவாதம் வந்தது போன நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு. வலது கையும் காலும் விழுந்து, கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கை அரைகுறை. பேச்சு மட்டும் வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது, ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. கதிரை. தண்ணி வேண்டுமென்றால் கதிரை. மின்விசிறியை நிறுத்து என்றால் கதிரை. மஹ்ரூப்பும் கதிரைதான். முதல் கிழமை, உட்காரத்தான் கேட்கிறாள் என்று வீட்டிலிருந்த கதிரைகளையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தார். அவள் தலையைத் தலையை ஆட்டி, கடைசியில் கண்ணீரோடு சிரித்துவிட்டாள்.

தொழுகையில் உட்கார்ந்தால் மட்டும், சின்ன வயதிலேயே மனனமான அல்ஹம்து சூரா தொடக்கத்திலிருந்து முடிவுவரை தட்டுத்தடங்கல் இல்லாமல் வரும். ஸலாம் கொடுத்துத் திரும்பி, தண்ணி கேட்க வாயைத் திறந்தால் கதிரை. மஹ்ரூப் வாசலுக்கு வெளியே நின்று அந்தச் சூராவைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குரலைக் கேட்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் குரலோடுதான் அவர் இவ்வளவு காலமும் தோற்றுக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் மஹ்ரூப்பின் பேரத்துக்குப் பயந்தால், மஹ்ரூப் பரீனாவின் பேரத்துக்குப் பயந்தார். எதை வாங்கி வந்தாலும், "எவளவு?" என்பாள். சொன்னதும், "குறைச்சிருக்கலாம்," என்பாள். சும்மா கிடைத்த மாங்காய்க்கும் குறைச்சிருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒரு நாளைக்காவது இவள் வாய் மூடாதா என்று அவர் நினைத்ததுண்டு. இப்போது அதை நினைத்தால் எழும்பிப்போய் வாசலுக்கு வெளியே நின்றுகொள்வார்.

சிவப்புச் சட்டைக்காரனைப் பூட்டிக்கொண்டுவந்த அன்றைக்கும் அவர் பெட்டியைத் திறந்து அவளுக்குக் காட்டினார். கேட்காமலேயே விலையையும் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்து நின்றார். பரீனா சிவப்புத் தகட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள். "கதிரை," என்றாள்.

கட்டாரில் இருக்கிற மகள் ஃபஸ்னாதான் பேச்சுப் பயிற்சி மிஸ்ஸைத் தேடிப் பிடித்தவள். கொழும்பில் இருந்தபடி சனிக்கிழமைகளில் வீடியோவில் வருகிற அக்கீலா மிஸ். போனில் சரிவரவில்லை, பரீனாவுக்கு வலது பக்கத்துப் பார்வையும் கொஞ்சம் மங்கியிருந்தது, சின்னத் திரையில் பாதிப் படம் தொலைந்துவிடும். புது லப்டொப் அனுப்புகிறேன் என்று மகள் சொன்னதுக்குப் பரீனா ஒரேயடியாகத் தலையாட்டி மறுத்தாள். ஃபஸ்னா உயர்தரம் படித்த காலத்தில் வாங்கிய அந்தப் பெரிய திரையும், தட்டினால் சத்தம் வருகிற எழுத்துக் கட்டைகளும்தான் அவளுக்குப் பழக்கம். அதற்குப் பூ வேலை போட்ட உறை தைத்து மூடி வைத்தவளும் அவள்தான்.

ஆனால் பழைய பலகையில் வீடியோவையும் மிஸ் காட்டுகிற படங்களையும் ஒன்றாக விரிக்க இடம் போதவில்லை. மிஸ்ஸின் வாய் திறந்தபடி நிற்கும். குரல் பிறகு வரும். எந்த வாயசைவுக்கு எந்தச் சொல் என்று தேடிக்கொண்டிருக்கிறவளுக்கு அது கொடுமை. அதற்காகத்தான் மஹ்ரூப் தில்லையடிக்குப் போனது.

புது ரேம் காட் போட்ட முதல் சனிக்கிழமை எல்லாம் பளிச்சென்று வந்தது. மிஸ் ஒரு கோப்பையின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். பரீனா வாயைக் குவித்தாள். பின்னால் நின்ற மஹ்ரூப், "கோப்பை," என்றார். அடுத்தது குடை. பரீனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "குடை," என்றார் மஹ்ரூப்.

"பாரிசவாதம் வந்தது உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று மிஸ் கேட்டாள். "மஹ்ரூப் நானா, உங்கட பேச்சு நல்லா வந்திட்டு. நீங்க போகலாம்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். பரீனாவிடம் எதைக் கேட்டாலும், கேட்ட பிறகு மனதுக்குள்ளே குல்ஹுவல்லா சூராவை ஓத வேண்டும். நிதானமாக. ஓதி முடியும்வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. மஹ்ரூப் சரியென்றார். அவரால் முடியாத காரியம் இல்லை அது. கருவாட்டுச் சிப்பத்துக்கு விலை கேட்டுவிட்டு, எதிராளி தானாக இறங்கி வரும்வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு கல்லுமாதிரி நிற்கிற மனுசன். ஆனால் பரீனா ஒரு சொல்லைத் தேடி மூச்சுத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் அவருக்கு ஏலாது. சூரா பாதி வருமுன் வாய் தானாகத் திறந்துவிடும்.

அன்றைக்கே, சூரா பாதியில் நிற்கும்போதுதான் அது நடந்தது. திரையில் ஒரு மீன். பரீனாவின் உதடுகள் ஒட்டி, ம் என்று ஒரு சத்தம் உண்மையிலேயே புறப்பட்டது. திரை நீலமாகி, இங்கிலீசில் ஏதோ மன்னிப்புக் கேட்டு, அணைந்துபோனது. தானாகத் திரும்ப எரிந்தது. மிஸ்ஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மீன் வந்தது. ம் வருமுன் மறுபடியும் நீலம்.

அடுத்த சனிக்கிழமையும் அதேதான். இரண்டாவது தரம் அணைந்தபோது பரீனா இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாய் பட்டுத்தான் மிஷின் உடைகிறது என்று நினைக்கிற மாதிரி ஒரு பார்வை. அவள் எழும்பிப்போய், பூ வேலை உறையை எடுத்து, ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து, கம்பியூட்டரை மூடினாள். மஹ்ரூப் உதவிக்குப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு முழுவதும் கதிரை என்றுகூடச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முந்தி மிஸ் போனில் மஹ்ரூப்போடு கதைத்தாள். இதுதான் பேச்சு திரும்புகிற காலம் என்றாள். இந்த நேரம் அவங்க மனம் விட்டுப்போய் வாயை மூடினால் பிறகு திறப்பிக்கிறது கஷ்டம். எப்படியாவது அடுத்த சனிக்கிழமை மிஷின் நடுவில் நிற்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

மஹ்ரூப் முதலில் கரண்ட்டைச் சந்தேகித்தார். நுரைச்சோலையில் அவ்வளவு பெரிய மின்சார நிலையத்தை வைத்துக்கொண்டு பக்கத்து ஊரில் லைட் மினுங்குகிறதே என்று திட்டிவிட்டு, வேறு ப்ளக்கில் போட்டுப் பார்த்தார். பலனில்லை. மகள் போனில் சொல்லச் சொல்ல, இரண்டு ரேம் காட்டையும் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, இடம் மாற்றிச் செருகினார். திரும்பவும் நீலம். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பழையது தனியே இருந்தால் இழுக்கும், ஆனால் சாகாது. சிவப்பன் தனியே இருந்தாலும் இழுக்கும், சாகாது. இரண்டையும் சேர்த்தால் பறக்கும், பறந்து கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். இரண்டு பேரும் தனித்தனியே நல்ல வலைக்காரர். ஒரு தோணியில் ஏற்றினால் கவிழ்கிறது.

மறுபடி த்ரீவீல், மறுபடி தில்லையடி. இந்த முறை பிரிண்டர் விலை கேட்கவில்லை. சிவப்பன் பழுது, மாற்றித் தா என்று நேராகவே தொடங்கினார். ஹில்மி ஒவ்வொரு ரேம் காட்டையும் தனித்தனியே போட்டு, பிழை தேடுகிற புரோக்கிராமை அரை நாள் ஓடவிட்டான். இரண்டிலும் ஒரு பிழையும் இல்லை.

"மருமகன் எந்தக் கேம் விளாடக்குள்ள நிக்கிது?"

மஹ்ரூப்புக்கு ஒரு கேமின் பெயரும் தெரியாது. "ஓடுற கேம்," என்றார். "கார் ஓடுற."

"கார்க் கேமெண்டா வேகம் வேணும் நானா. பழசக் கழட்டி எறிஞ்சிட்டு, சிவப்பிலயே இன்னொண்டு சோடியாப் போடணும். என்ட கையில இருந்தது அது ஒண்டுதான். கொழும்பில தேடிப் பாக்கலாம். கிடைச்சா ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு வரும்."

பெருநாளுக்கு இன்னும் பல சனிக்கிழமைகள் கிடந்தன. மஹ்ரூப் தன் பழைய ஆயுதத்தை எடுத்தார், வாய் திறக்காமல் நின்றார். எதிராளி தானாக இறங்கி வரட்டும். ஹில்மியும் பேசாமல் ஒரு ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவன் இறங்குவதற்கு இதில் ஒன்றும் இல்லை என்பது மஹ்ரூப்புக்கு மெல்ல விளங்கியது. இல்லாத சாமானுக்கு எவ்வளவு நேரம் பேசாமல் நின்றாலும் வராது. அவருடைய கண்ணுக்குள் அந்தப் பூ வேலை உறைதான் நின்றது.

"தம்பி," என்றார். "மருமகன் இல்ல."

ஹில்மி நிமிர்ந்தான்.

"என்ட மனுசிக்கு. அவவுக்குப் பேச்சில்ல."

அதற்குப் பிறகு எல்லாம் கொட்டுப்பட்டுவிட்டது. பாரிசவாதம், கதிரை, கொழும்பு மிஸ், மீன், ம் என்று வந்த அந்தச் சத்தம், நீலத் திரை, வாயைப் பொத்திய கை. கடைக்கு வந்த இன்னொரு ஆள் காத்து நிற்கிறான் என்பதும் மஹ்ரூப்புக்குத் தெரியவில்லை. வாப்பா கேட்டிருந்தால் வெட்கத்தில் கபுறுக்குள்ளே திரும்பிப் படுத்திருப்பார்: முகத்தில் தேவை அவ்வளவும் அப்பட்டமாக.

ஹில்மி ஸ்க்ரூவைக் கீழே வைத்தான். "இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே நானா."

"சொன்னா வில கூட்டியிருப்பீங்க."

"கூட்டியிருப்பன்தான்," ஹில்மி ஒத்துக்கொண்டான். "ஆனா சரியான வேலையச் செஞ்சி தந்திருப்பன்."

கதிரையை இழுத்துப்போட்டு அவரைத் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். கறுத்தத் திரைக்குள் போய், வரிசையாக நின்ற சில எண்களைக் காட்டினான். இது கம்பியூட்டர் கேள்வி கேட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிற நேரம் என்றான். மதர்போட் ரேமிடம், இன்ன இடத்தில் வைத்த சாமானைத் தா என்று கேட்கும். ரேம் தேடி எடுத்துக் கொடுக்க ஒரு சிட்டிகை நேரம் வேண்டும். அந்த நேரம் ரகத்துக்கு ரகம் வித்தியாசம். கேம் என்றும், காசு கொடுத்த வேகம் கண்ணுக்குத் தெரிய வேணும் என்றும் நானா சொன்னபடியால், இரண்டையும் சிவப்பனின் வேகத்துக்கு ஓடச்சொல்லி அன்றைக்கு அவன் விரட்டிவிட்டிருந்தான். அது தன் பிழையும்தான் என்றான்.

"பழசு எடுத்துக் குடுக்கிறதுக்குள்ள போட் கையப் போட்டுப் பறிக்கிது. கையில அம்பிடுறது குப்ப. குப்பயப் பாத்துப் பயந்து விழுந்திருது."

"அப்ப பழசுல பழுதில்லயா?"

"ஒரு பழுதுமில்ல. மறுமொழி அதுக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு. எடுத்துத் தரக் கொஞ்சம் நேரமெடுக்கிது. அவளவுதான்."

மஹ்ரூப் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பனை மெதுவாக ஓடவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டார்.

"அதுக்கு என்ன ஆகும் நானா? ஓடத் தெரிஞ்சவன் பக்கத்தில இருக்கிறவனுக்காக நடந்தாக் கால் தேயுமா?"

காசு கொடுத்து வாங்கிய வேகம் வீணாகிறதே என்று யாவாரி மஹ்ரூப்புக்குள் ஒரு மூலை முனகத்தான் செய்தது. நடக்க விடுங்க தம்பி என்றார்.

ஹில்மி வேகத்தைப் பழையதன் அளவுக்கு இறக்கினான். காத்திருக்கிற நேரத்தைக் கூட்டினான். முதல் நாளும் கடையில் நன்றாகத்தான் ஓடியது, வீட்டில் வீடியோ ஓடும்போதுதான் உண்மை தெரியும் என்றான். அவன் பெண் எடுத்தது எத்தாளைப் பக்கம், குறிஞ்சிப்பிட்டியில். வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவான். சனி காலையில் எத்தாளைக்கு வந்து பக்கத்தில் இருந்து பார்ப்பான். சொன்னபடி மோட்டார் சைக்கிளில் வந்தும் சேர்ந்தான்.

பரீனா மறுபடி மூடிவிட்ட உறை திரைமேல் அப்படியே இருந்தது. மஹ்ரூப் பெட்டியைக் கொண்டுவந்து வயர்களைப் பூட்டியபோதும் பரீனா கிட்ட வரவில்லை. யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஹில்மி உறையில் கை வைக்கப் போனான். மஹ்ரூப் வேண்டாமென்று கண்காட்டிவிட்டு, அவளுக்கு முன்னால் போய் நிலத்தில் உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரு பரீனா. மிஷின் நிண்டது உன்ட வாயால இல்ல. என்ட வாயால. கடையில போய்ப் பொய் சொன்னன். கேம் விளாட எண்டு சொன்னன். அதால அந்தத் தம்பி வேகத்தக் கூட்டி வெச்சிட்டான். பழசுக்கு அது தாங்கல்ல. அதுல ஒரு பிழையுமில்ல." அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "உன்னிலயும் இல்ல. இனி அது காத்திருக்கும். வாறியா?"

கேட்டுவிட்டு, குல்ஹுவல்லா ஓதினார். முடிந்தது. பரீனா அசையவில்லை. இரண்டாவது தரம் ஓதினார். வெளியே யாரோ கட்டாக் கருவாட்டைப் பாயில் பரப்புகிற சத்தம் கேட்டது. மூன்றாவது தரம் பாதியில் நிற்கும்போது, பரீனா கதிரையின் பிடியை ஊன்றி எழும்பினாள். போய், இடது கையால் உறையை உருவி, மஹ்ரூப்பின் தோளில் போட்டாள்.

மிஸ் வருமுன் ஹில்மி ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் திரை நீலமானது. பரீனாவின் கை வாய்க்குப் போகப் பார்த்தது. மஹ்ரூப் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இது எதிர்பார்த்ததுதான் லாத்தா என்றான் ஹில்மி, திரும்பிப் பாராமலே. மறுபடி கறுத்தத் திரைக்குள் போய், காத்திருக்கிற நேரத்தை இன்னும் ஒரு படி கூட்டினான். ரேமுக்குப் போகிற கரண்ட்டையும் ஒரு துளி கூட்டினான். திரும்ப வீடியோ. ஹில்மி ஒரு கோப்பை பிளேன்டீயைக் குடித்து முடித்தான். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அக்கீலா மிஸ் வந்தாள். கோப்பை வந்தது, குடை வந்தது, மீன் வந்தது. பரீனா எல்லாவற்றுக்கும் கதிரை என்றாள். மீனுக்கு மட்டும் ம் என்று ஒன்று வந்து, மீ வரைக்கும் போய், கதிரையில் முடிந்தது. மிஸ் அதற்கே கை தட்டினாள். மஹ்ரூப் தோளில் உறையைப் போட்டபடி, பின்னால் நின்று சூரா ஓதிக்கொண்டே இருந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன; சத்தம் வரவில்லை. நீலம் வரவேயில்லை. வழக்கமாக அணைகிற இடத்தைத் தாண்டி, அதற்கப்பாலும் போய், பயிற்சி முடிகிற நேரம்வரைக்கும் அந்தப் பழைய பெட்டி முனகிக்கொண்டு நின்றது.

ஹில்மி சாமான்களைப் பையில் போட்டான். மஹ்ரூப் அவனோடு வாசல்வரை போகாமல், அங்கேயே, எவ்வளவு தம்பி என்று கேட்டார். ஹில்மி ஒரு தொகையைச் சொன்னான். மஹ்ரூப்பிடம் சொல்கிற தொகை. பாதியாக வெட்டுவார் என்று கணக்குப் பார்த்துக் கூட்டிச் சொன்னது. மஹ்ரூப் மறுபேச்சில்லாமல் இடுப்புப் பட்டியில் இருந்த பேர்ஸைத் திறந்தார். அவருடைய வாழ்க்கையில் முதல் தடவை. ஹில்மிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

பரீனா கதிரையில் திரும்பியிருந்தாள். மஹ்ரூப்பின் கையிலிருந்த காசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புருவம் நெரிந்திருந்தது. அந்த நெரிப்பை மஹ்ரூப் எவ்வளவோ காலமாக அறிவார். வாய் குவிந்தது. கு என்று ஒரு காற்று வந்து நின்றது.

என்ன சொல்ல வருகிறாள் என்பது மஹ்ரூப்புக்குத் தெரியும். அந்தச் சொல் முழுதாக அவருடைய நாக்கு நுனியில் வந்து நின்றது. எடுத்துக் கொடுத்தால் போதும், அவளுடைய கழுத்து நரம்பு இறங்கிவிடும், அந்தத் திணறல் முடிந்துவிடும். அவர் வாயைத் திறந்தார். திரையில் அக்கீலா மிஸ் இன்னும் போகவில்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். மஹ்ரூப் வாயை மூடிக்கொண்டார்.

குல்ஹுவல்லாஹு அஹத். ஒரு தரம் முடிந்தது. பரீனாவின் உதட்டில் கு மறுபடி வந்து உடைந்தது. இரண்டாவது தரம். ஹில்மி பையைத் தூக்கிய கையோடு அசையாமல் நின்றான். மூன்றாவது தரம் தொடங்கும்போது மஹ்ரூப்புக்குக் கண் கலங்கி, சூராவில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது தவறிப்போய்விட்டது. அவர் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓதினார்.

"குறை," என்றாள் பரீனா. மூச்சு வாங்கினாள். "குறைங்க."

ஹில்மிதான் முதலில் தொண்டையைச் செருமினான். சரி லாத்தா, உங்களுக்காக என்று சொல்லி, தொகையைக் குறைத்தான். நன்றாகவே குறைத்தான்.

பரீனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இடது கையை நீட்டி, பழைய பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள். போதாது என்று அர்த்தம்.

ஹில்மி உதவி கேட்கிற மாதிரி மஹ்ரூப்பின் பக்கம் திரும்பினான். மஹ்ரூப் தோளில் கிடந்த உறையின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய என்னத்துக்குப் பாக்கிறீங்க தம்பி?" என்றார். "கதைச்சிக்கிட்டிருக்கிறது அவதானே. கொஞ்சம் பொறுங்க. இன்னும் சொல்லுவா."